கரை வைத்த ஜன்னல்

தேவிப்ரியாவுக்கு மாதத்தில் ஒரு வாரம் ராத்திரி டூட்டி. இரவு எட்டு மணிக்கு மருத்துவமனைக்குள் போனால் காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். பெரிய காஞ்சிபுரத்தில் அவளும் கணவன் வீரபாகுவும் குடியிருந்த மாடிவீட்டின் படுக்கையறை கிழக்குப் பார்த்தது. அவள் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்குச் சரியாக வெயிலும் உள்ளே வந்து கட்டிலில் ஏறிக்கொள்ளும். துப்பட்டாவைக் கண்ணில் கட்டிப் பார்த்தாள். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் பார்த்தாள். பதினோரு மணியைத் தாண்டி ஒருநாளும் தூங்கியதில்லை.

அந்த வாரம் புதன்கிழமை காலை, வீடு திரும்பும் வழியில் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தியவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்துத்தான் விழித்தாள். வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னாள். வீரபாகுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னலுக்குத் திரை போடுவது என்று முன்பே பேசியிருந்தார்கள். அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியின் வீட்டில், உத்தரத்தை ஒட்டித் தொடங்கித் தரையைத் தொடும்படி, கொசுவம் கொசுவமாகத் தொங்கும் திரைகளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தேவிப்ரியாவுக்கு அதே ஞாபகம். அளந்து தைத்துக் கொடுக்கும் கடையிலிருந்து ஆள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். தைத்து மாட்ட இருபது நாள் ஆகும் என்றார். விலையைக் கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமையே வீரபாகுவின் தறியில் ஒரு புடவை முடிந்து இறங்கியது. தறியில் பூட்ட அடுத்த பாவு நூல் சனிக்கிழமைதான் வரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இடையில் இரண்டு நாள் கையில் இருந்தது. அவன் பதினைந்து வருடமாகப் பட்டு நெய்கிறவன். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் புடவையில், அந்த இரண்டையும் இழையோடு இழை கோத்துச் சேர்ப்பதைக் கோர்வை என்பார்கள். அந்த வேலையில் அவன் கை பேர் போனது. ஆறு அடி அகலமுள்ள ஒரு ஜன்னலுக்கு நான் பயப்படுவதா என்று நினைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கடைத்தெருவுக்குப் போனான்.

ரெடிமேட் திரைகள் அங்கே கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஐந்தடி ஜன்னலுக்கு, ஏழடி கதவுக்கு என்று இரண்டே அளவு. பூப் போட்டது, பளபளப்பது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சந்தன நிறத்தில் ஒரு வேலைப்பாடும் இல்லாத ஏழடித் திரைகள் நான்கு எடுத்தான். கடைப் பையன்கள் அதற்குமேல் அவனைக் கவனிக்கவில்லை. அவன் துணியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, குறுக்கே ஓடும் ஊடை இழை நெருக்கமாக இருக்கிறது, தொங்கவிட்டால் மடிப்பு நன்றாக விழும் என்று தனக்குள் முடிவு செய்துகொண்டான். அடியில் சேர்க்க அரக்கு நிறத்தில் கனமான பருத்தித் துணியும், பின்பக்கம் கொடுக்கக் கறுப்பு லைனிங்கும் வாங்கினான். லைனிங்கைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ச் சூரியனுக்கு நேரே பிடித்தான். புள்ளி வெளிச்சம்கூட ஊடுருவவில்லை.

கீழ்வீட்டில் கிருஷ்ணவேணி இருந்தாள். பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பது அவள் தொழில். மெஷினைக் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, மெஷினை யாரிடமும் விடுவதில்லை, தானே தைக்கிறேன், வெட்டுவதும் இஸ்திரி போடுவதும் அவன் பாடு என்று சொல்லிவிட்டாள். எல்லாத் துணியையும் முதலில் தண்ணீரில் போட்டு அலசிக் காயவைத்தால்தான் தொடுவேன் என்றும் சொன்னாள். வெவ்வேறு துணிகளைச் சேர்த்துத் தைத்தபின் ஒன்று மட்டும் சுருங்கினால் எல்லாம் இழுத்துக்கொள்ளும். அன்று மாலையே மொட்டைமாடிக் கொடிகளெல்லாம் நிறைந்தன.

வியாழக்கிழமை காலை தேவிப்ரியா மேலே வெயிலோடு புரண்டுகொண்டிருக்க, கீழே வேலை தொடங்கியது. வீரபாகு முதலில் துணியின் ஓரத்தில் ஒரே ஒரு இழையைப் பிடித்து மெதுவாக உருவினான். துணிக்குக் குறுக்கே முடிபோல ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டின்மேல் கத்திரியை ஓட்டினான். சாக்பீஸும் இல்லை, ஸ்கேலும் இல்லை. வேணி தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நேராக வெட்டி யாரும் தன்னிடம் கொடுத்ததில்லை என்றாள்.

திரைகளின் தலைப்பில் பெரிய பெரிய எவர்சில்வர் வளையங்கள் இருந்தன. கம்பியை அந்த வளையங்களில் நேராகக் கோத்து மாட்டிவிடலாம். அதுதான் ரெடிமேட் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமும். அந்தப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, கொக்கி மாட்டும் நாடாவை வைத்துத் தைத்து, கொசுவம் பிடிக்க வேண்டும் என்பது அவன் திட்டம். இரண்டிரண்டு திரைகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு துணி வரும். அப்போதுதான் மடிப்பு நிறைவாக விழும்.

"மேல் பட்டைய வெட்டிட்டு அப்பறமா அளங்கண்ணா. அடியில எவ்ளோ சேக்கணும்னு அப்பத்தான் தெரியும்," என்றாள் வேணி.

"அளவெல்லாம் மனசுல இருக்குதுமா. நீ தைச்சுக்கினே இரு," என்றான் வீரபாகு.

கம்பி தரையிலிருந்து எட்டடி நாலு அங்குலத்தில் வரப்போகிறது. திரை ஏழடி. மிச்சம் ஒன்றே காலடியும் ஓரங்குலமும். அந்தக் கணக்கில் அரக்குத் துணியை வெட்டினான். லைனிங்கைத் தனியாக, முழு உயரத்துக்கு வெட்டினான். சந்தனமும் அரக்கும் சேரும் கோடு மட்டும் நூல் பிடித்ததுபோல இருக்க வேண்டும் என்று வேணியிடம் இரண்டு தடவை சொன்னான். ஒரு இடத்தில் அரை நூல் விலகியிருக்கிறது என்று அவளைப் பிரிக்கவும் வைத்தான். அவள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்தாள்.

மாலை ஏழரைக்குத் தேவிப்ரியா டூட்டிக்குக் கிளம்பினாள். அவள் வண்டிச் சத்தம் தெரு திரும்பியதும் வீரபாகு டிரில்லிங் மெஷினோடு நாற்காலியில் ஏறினான். ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி, பக்கத்துக்கு ஓரடி தள்ளிக் கம்பியை மாட்டினான். திரையைத் தொங்கவிட்டு இறங்கி வந்து பார்த்தான். சந்தனமும் அரக்கும் தரைக்கு ஐந்து அங்குலம் மேலேயே நின்றுவிட்டன. அதற்குக் கீழே கறுப்பு லைனிங், புடவைக்கு அடியில் உள்பாவாடை தெரிவதுபோல நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டி எறிந்த வளையப் பட்டையை அவன் கணக்கில் கழிக்கவே இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து வழி தேடினான். கம்பியை இறக்கினால் சுவரில் ஓட்டை தெரியும், உயரமும் போய்விடும். அரக்கு முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டலாம்; ஆனால் அவ்வளவு அரக்குத் துணி கைவசம் இல்லை, அதே சாயத்தில் மறுபடி கிடைக்கும் என்றும் நிச்சயமில்லை. புடவையில் இப்படி ஒரு குறை வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தான். உடலுக்கும் கரைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிறம் வரும் புடவை அவன் எத்தனையோ நெய்திருக்கிறான். எழுந்து திரைகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை காலை தேவிப்ரியா வந்தாள். உத்தரத்தருகே புதுக் கம்பியைப் பார்த்துவிட்டு, இது எதற்கு, வானத்தில் துணி காயப்போடவா என்று கேட்டாள். நாளைக்குத் தெரியும் என்றான். அவளுக்கு மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லை. அன்று பத்தே முக்காலுக்கெல்லாம் எழுந்துவிட்டாள்.

அதற்குள் வீரபாகு பாசிப்பச்சை நிறத்தில் இரண்டு மீட்டர் துணி வாங்கி அலசிக் காயவைத்திருந்தான். வேணியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னான். அவள் சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ துணியைக் கையில் வாங்கி, அரக்குக்கும் சந்தனத்துக்கும் நடுவில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தாள்.

"இது முன்னாடியே தோணலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அரக்கைப் பிரித்து, இடையில் ஐந்து அங்குலப் பச்சையைக் கொடுத்துத் தைத்தார்கள். இந்த முறை வீரபாகு நான்கு இடத்தில் அளந்தான். கீழ்மடிப்பின் மூலைகளில் பித்தளை வாஷர்களை வைத்து மூடினான், துணி காற்றில் பறக்காமல் நேராக விழுவதற்கு. பிரித்துத் தைத்ததில் சுருண்டுகொண்ட தையல்களை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுப் படியவைத்தான். மாலையில் தேவிப்ரியா டூட்டிக்குக் கிளம்பியதும் மறுபடி ஏற்றி மாட்டினான். இரண்டு ஓரத்திலும் கடைசிக் கொக்கிகளைக் கம்பியில் மாட்டாமல், வளைத்துக் கொண்டுபோய்ச் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டினான். பக்கவாட்டில் வெளிச்சம் கசியக்கூடாது. கொசுவங்களைக் கையால் நீவிவிட்டு, புடவைக்குக் கட்டுவதுபோல மூன்று இடத்தில் நாடாவால் தளர்த்திக் கட்டி வைத்தான். காலையில் அவிழ்த்தபோது மடிப்புகள் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றன.

சனிக்கிழமை தேவிப்ரியா எட்டே முக்காலுக்கு வந்தாள். முதலாளிக்குப் போன் செய்து, மத்தியானத்துக்குமேல் வருகிறேன் என்று வீரபாகு சொல்லியிருந்தான். அவள் இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டாள். குளித்தாள். அவன் அடுப்படியில் நின்றுகொண்டு, அவள் அறைக்குள் போவதைக் காது கொடுத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்து எட்டிப் பார்த்தான். அறை இருட்டாக இருந்தது. அவள் ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திரையை நிமிர்ந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பத்து மணிக்கு வேணி படியேறி வந்தாள்.

"இன்னா சொன்னாங்கண்ணா?"

"ஒண்ணும் சொல்லல. படுத்ததும் தூங்கிடுச்சு."

அவள் ஏமாற்றத்தோடு இறங்கிப் போனாள். பதினோரு மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியோடு வந்தார். வீரபாகு பால்கனியிலிருந்து கையைக் காட்டி, கொஞ்சம் தள்ளிப்போய்க் கூவச் சொன்னான். ஒரு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டான். மறுபடி முதலாளிக்குப் போன் போட்டு, பாவு நாளைக் காலை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். ஒருமுறை, மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவன்போல வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தான். கோபப்பட்டிருக்க வேண்டிய மனிதன். இரண்டு நாள் உழைப்பை அவள் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. அவனுக்கோ மணி நகர நகர மார்பு விரிந்துகொண்டே போனது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அறைக்குள்ளிருந்து எதையோ தட்டிவிடும் சத்தம் கேட்டது. தலை கலைந்து, பயந்த முகத்தோடு தேவிப்ரியா வெளியே ஓடி வந்தாள்.

"ஏங்க, எழுப்பக்கூடாதா? எட்டு மணி ஆயிடுச்சா? டூட்டிக்கு லேட்டு."

"மணி நாலுமா. பொழுது இருக்குது பாரு."

கூடத்தில் கிடந்த வெயிலை அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு திரும்பி அறைக்குள் போனாள். அவன் பின்னாலேயே போய் ஒரு பக்கத் திரையை விலக்கினான். மாலை வெளிச்சத்தில் சந்தனமும் பச்சையும் அரக்குமாக, தரையைத் தொட்டும் தொடாமலும் திரை நின்றது. அவள் பக்கத்தில் போய் ஒரு கொசுவத்தைக் கையில் பிடித்தாள். குனிந்து கீழ்மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். லைனிங்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"எந்தக் கடைல தச்சு வாங்கினீங்க? அந்த ஆளையே வர வச்சீங்களா?"

"கடைத்தெரு ரெடிமேட் தான். வெட்டினது நான். தச்சது வேணி."

அவள் நம்பவில்லை. ஓரத்தில் கடைக்காரர்கள் தைத்திருந்த அளவுச் சீட்டு இன்னும் இருந்தது. ஏழடி என்று அச்சடித்திருந்தது. அதைக் காட்டினான். அவள் சீட்டைப் பார்த்தாள், திரையின் உயரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பச்சைப் பட்டையின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, இதுதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறது என்றாள். வீரபாகு ஒரு நொடி அந்தப் பேரை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தான். பிறகு, கணக்குத் தப்பி ஐந்து அங்குலம் குறைந்ததையும், உள்பாவாடை தெரிந்ததையும் சொன்னான். அவள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"ஏழு மணி நேரம் தூங்கியிருக்கேன்," என்றாள், தானே அதைச் சரிபார்ப்பதுபோல. "இந்த வீட்டுக்கு வந்ததுலர்ந்து பகல்ல இப்படித் தூங்கினதில்லைங்க."

அவன் டீ போடட்டுமா என்று கேட்டான். அவள் மணியைப் பார்த்தாள். கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எழுந்து போய்த் திரையைக் கையால் இழுத்து மூடினாள். கம்பியில் கொக்கிகள் சரசரவென்று ஓடி நின்றன. அறை இருண்டது.

"அப்பறமா போடுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.