ஒரே ஒரு உறவினர்

அலுவலகத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சண்டைக்குப் போகவில்லை, பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் காரணமில்லாமல் சிடுசிடுத்தாள் என்று இதுவரை ஒருத்தரும் நிரூபித்ததில்லை.

இந்த முறை காரணம், மேலாளர். ஒரு பெரிய மருத்துவமனைக்கான வேலை அது. நோயாளிகளைப் பதிவு செய்யும் பழைய சிஸ்டம் எல்லா விவரத்தையும் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில்தான் கொடுக்கும். வார்டில் நர்ஸ்களிடம் இருக்கும் புது ஆப்புக்கு ஜேசன் என்ற இன்னொரு வடிவம் மட்டும்தான் புரியும். நடுவில் நின்று அதை இதுவாக மாற்றிக் கொடுப்பது அவள் எழுதிய ஸ்டைல்ஷீட், அதாவது மாற்றும் விதிகளின் தொகுப்பு. வம்பு ஒரு சின்ன இடத்தில் இருந்தது. ஒரு நோயாளியின் பெயருக்குக் கீழே இரண்டு உறவினர்கள் வந்தால் இது பட்டியல் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். ஒரே ஒருவர் என்றால் பட்டியலா, தனி விவரமா என்று தெரியாது. நாம்தான் சொல்லித் தர வேண்டும். அவள் சொல்லித் தந்திருந்தாள்: ஆள் ஒருவராக இருந்தாலும் சதுர அடைப்புக்குள் பட்டியலாகவே போடு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதி எழுதி அவளுடைய ஸ்டைல்ஷீட் நீளமாகிப் போனது.

மேலாளருக்கு நீளம் பிடிக்காது. எதைக் கொடுத்தாலும் தானாக மாற்றித் தரும் என்று சொல்லி, எங்கிருந்தோ இலவசமாகக் கிடைத்த ஒரு குட்டி ஸ்டைல்ஷீட்டைக் கொண்டுவந்து அவளுடையதைத் தூக்கிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒருத்தர் மட்டும் இருந்தா பட்டியல் வராது சார். ஆப் பட்டியலைத்தான் தேடும். இல்லைன்னா, உறவினர் யாரும் இல்லைன்னு காட்டிடும்."

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சே?"

"டெஸ்ட்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அம்மா, அப்பான்னு ரெண்டு பேரைப் போட்டு வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் பாஸ் ஆகாது?"

"சரி சரி, அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம். எதுக்கெடுத்தாலும் கத்தாதீங்க."

அவள் அதுவரை கத்தவே இல்லை. அதற்குப் பிறகுதான் கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுப் பக்கமும் நிம்மதி கிடையாது. அப்பா ஓய்வு பெற்ற லாரி டிரைவர். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார், அவள் ஒரே மகள். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது, ஆனால் ஸ்கூட்டரை மட்டும் விடமாட்டார். சாவியைக் கொடுங்கள் என்று அவள் கேட்க, எனக்கு ஓட்டச் சொல்லித் தர நீ பிறக்கணுமா என்று அவர் கேட்க, வார்த்தை தடித்துவிட்டது. "எக்கேடோ கெட்டுப் போங்க. இனிமே என்னைத் தேடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சொன்னது அன்று ராத்திரியே உறுத்தியது. ஆனால் யார் முதலில் போன் செய்வது? அந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

சனிக்கிழமை வீம்பை விட்டுவிட்டுப் போனாள். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலுக்கே ஓடி வந்தார். "உனக்குத் தெரியாதா? ஸ்கூட்டர்லேருந்து விழுந்து, வியாழக்கிழமையே ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாங்களே!"

எந்த மருத்துவமனை என்று கேட்டாள். அவள் ஸ்டைல்ஷீட் எழுதிக் கொடுத்த அதே மருத்துவமனைதான்.

வார்டு வாசலில் நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாளா எனக்கு ஏன் சொல்லல? போன தடவை கண் காட்ட வந்தப்பவே என் நம்பரைத்தானே பதிவுல குடுத்தோம்?"

"எங்கம்மா இருக்கு? நீங்களே பாருங்க." நர்ஸ் கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். அப்பாவின் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே: உறவினர் யாரும் இல்லை. "உறவினர்னு யார் பேரும் இல்லையேன்னு அவர்கிட்டயும் கேட்டோம். ஆமா, யாரும் இல்லைன்னுட்டார்."

அப்பா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். நெற்றியில் தையல். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கு வந்த? பேரை எடுத்துட்டுப் போனவ அப்படியே போக வேண்டியதுதானே."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரே என் பொண்ணு கையிலதான் இருக்கு என்று தெரு முழுக்கப் பெருமையடித்த மனிதர் அவர். மகள் கோபித்துக்கொண்டு போனாள், ஆஸ்பத்திரியில் மகள் பெயர் இல்லை. எடுத்தது வேறு யாராக இருக்கும்? வலியோடு வலியாக இரண்டு நாளும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு எரிந்தது. வெளியே போய் மேலாளருக்கு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பதிவறையில என் பேர் பத்திரமாத்தான் இருக்குப்பா. அங்கேருந்து இங்க வரும்போது தொலைஞ்சு போகுது. ரெண்டு பேர் இருந்தா பட்டியல்னு புரிஞ்சுக்கும். ஒருத்தர்னா முழிக்கும்."

அப்பா சுவர்ப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினார்.

"நீ எடுக்கலையா?"

"நான் ஏம்ப்பா எடுக்கப் போறேன்?"

"அப்போ உன்னையே ரெண்டு தடவை எழுதச் சொல்லு."

திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அது வேலை செய்யும். நர்ஸ் பதிவறைக்குப் போன் போட்டு, அதே பெயரை இன்னொரு முறை ஏற்றச் சொன்னாள். சிறிது நேரத்தில் திரையில் வந்தது: மகள். அதற்குக் கீழே, மகள்.

"ஒரு கழுதையையே என்னால மேய்க்க முடியல. இப்ப ரெண்டு" என்றார் அப்பா. அவள் கையை மட்டும் விடவில்லை.

நர்ஸ் சிரிக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து பேச்சு போன பெரியவர் ஒருவர் அங்கே படுத்திருந்தார்; சட்டைப்பையில் இருந்த ஆஸ்பத்திரி அட்டையை வைத்துத்தான் அவர் யார் என்றே தெரிந்திருந்தது. "அவருக்கும் யாரும் இல்லைன்னுதான் காட்டுது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மறுபடி பதிவறையைக் கூப்பிட்டாள். மனைவி இருந்தார். நம்பரும் இருந்தது. நர்ஸ் அந்த நம்பரை அழுத்தி இரண்டு வார்த்தை சொன்னதும், மறுமுனையில் ஒரு பெண் கதறியது அவர்கள் கட்டில் வரை கேட்டது. சந்தைக்குப் போன மனிதரைத் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த அம்மா. பெரியவர் அந்தக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்ப முயன்றார்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அப்பாவைப் பற்றிச் சொன்னாள், பெரியவரைப் பற்றிச் சொன்னாள். என் ஸ்டைல்ஷீட்டை இப்போதே திரும்ப ஏற்றுங்கள் என்றாள்.

"லீவு நாள்ல எப்படிங்க? திங்கட்கிழமை மீட்டிங்ல பேசுவோம். ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்கிறவங்க கொஞ்சப் பேர்தான் இருப்பாங்க. அதுக்குப் போய்..."

அப்பா கையை நீட்டினார். "குடு இங்க."

கொடுத்தாள்.

"தம்பி, அந்தக் கொஞ்சப் பேர்ல ஒருத்தன் பேசறேன்" என்றார் அப்பா. மலைப்பாதையில் எதிரே வரும் வண்டிக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை அது, வார்டே திரும்பிப் பார்த்தது. "பக்கத்துல இன்னொருத்தர் இருக்கார், அவரால பேச முடியாது. அவருக்கும் சேர்த்து நானே பேசறேன். போனை வெச்சிடாத."

அவள் மடிக்கணினியைத் திறந்து, மேலாளர் சரி என்றதும் ஏற்றிவிட, தான் எழுதிய பழைய ஸ்டைல்ஷீட்டைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பா இப்போதைக்கு முடிப்பதாக இல்லை.