லெட்சுமியின் நிரை

தன் நிரையில், அதாவது தனக்கு ஒதுக்கிய தேயிலைச் செடி வரிசையில், கொய்து முடித்ததும், தோழியின் நிரைக்குள் மேல்முனை வழியாக நுழைந்து கீழ்நோக்கிக் கொய்துவருவது வேலாயியின் வழக்கம். மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலாயியும் லெட்சுமியும் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்றிலேயே பிறந்தவர்கள். பதினாறு வயதிலும் அடுத்தடுத்த நிரைகளிலேயே கொழுந்து பறித்துவந்தவர்கள். உதவுவது நல்ல குணந்தான். ஆனால் வேலாயி அதை மலை முழுவதும் கேட்கும்படி செய்வாள்.

“அடியே லெட்சுமி! இன்னும் அந்தச் செடிக்கே மாலை போட்டுக்கிட்டு நிக்கிறியா? நா மேலருந்து பாதி தூரம் வந்துட்டேன்!”

“ஒன்ன யாருடி வரச் சொன்னா?”

“நா வராட்டி நீ தீவாளிக்குத்தான் முடிப்ப.”

லெட்சுமி ஒவ்வொரு செடியின்மீதும் மட்டக்கம்பைக் கிடத்தி, கம்புக்கு மேலே நீட்டிய தளிரை மட்டுமே கிள்ளுவாள். வேலாயியின் கம்போ எப்போதும் இடுப்பிலேயே செருகியிருக்கும். அந்த நிதானத்தைக் காணக் காண வேலாயிக்கு விரல்நுனி அரிக்கும்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறுவருடம், ஒருநாள் கங்காணி கந்தப்பன் சொன்னார்:

“இந்த மாசம் ஒரு புள்ளையத்தான் பெரியாள் பேருக்கு ஏத்தச் சொல்லியிருக்காங்க. லெட்சுமியச் சொல்லலாம்னு இருக்கேன். மட்டம் பிசகாத கை.”

பெரியாள் பேரில் ஏறினால் சிறுவர் கூலி போய் முழுச் சம்பளம். தகப்பனில்லாத லெட்சுமியின் வீட்டில் அடுப்பெரிவது அதை நம்பியே இருந்தது. வேலாயி இதை அறியாதவளல்லள். அறிந்தும், ‘அந்த நிரையில் பாதி என் கைதானே!’ என்ற எண்ணம் அவளைக் குடைந்தது.

மறுநாள் மலையில் மூடுபனி. கங்காணியின் குடைகூடத் தெரியவில்லை. வேலாயி வழக்கம்போல் மேல்முனையில் நுழைந்தாள். குரல் மட்டும் கொடுக்கவில்லை. மட்டத்துக்குக் கீழே கைவிட்டு, இளங்கிளைகளை முறித்து முறித்து எறிந்தாள். பனி விலகியபோது, பாய் விரித்தாற்போன்ற அந்த மலையில் அரை நிரை மட்டும் ஆடு மேய்ந்ததுபோல் கிடந்தது.

கந்தப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஐயோ, ஒங்க ரெண்டு பேரோடயும் மாரடிச்சே என் ஆயுசு போச்சு! ஒரு வண்டியில ரெண்டு மாடாம். ஒண்ணு, ‘நாந்தான் இழுக்குறேன்’னு முந்துச்சாம். மத்தது... மத்தது என்னமோ பண்ணுச்சாம். கடைசியில பள்ளம்!”

“பள்ளத்துல விழுந்தது எந்த மாடுங்க?” என்று பக்கத்து நிரையிலிருந்து கருப்பம்மா கேட்டாள்.

“மாடு எங்க விழுந்துச்சு? வண்டிக்காரன்தான் விழுந்தான். அது நாந்தான்! யாரு ஒடச்சது இத?”

லெட்சுமி மேல்முனையை ஒருமுறை பார்த்தாள். “என் நிரைங்க” என்றாள்.

நிரை எவருடையதோ பழியும் அவருடையதே என்பது மலையின் சட்டம். மறுநாள் முதல் அவளுக்குக் கொழுந்துக்குப் பதில் தண்டனையாகப் புல்லுவெட்டு என்றாயிற்று. பெரியாள் பேர்ப் பேச்சும் அத்தோடு நின்றது.

லயத்துக்குத் திரும்பும் வழியில் வேலாயி வெடித்தாள். “வாயில என்ன கொழுக்கட்டையா? எம்பேரச் சொல்ல வேண்டியதுதானே!”

“இத்தன நாளு நீ பறிச்சுப் போட்டப்ப என் கூடையிலதானே வாங்கிக்கிட்டேன்? இன்னிக்கு மட்டும் ஒம்பேரச் சொல்லவா? போடி.”

வேலாயிக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

விடிந்ததும் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் முன்னால் வேலாயி வந்து நின்றாள்.

“கங்காணியாரே, அந்த நிரைய ஒடச்சது நானு.”

“ஏன்டி?”

“அவ பேரச் சொன்னீங்கள்ல. பொறுக்கல.”

கந்தப்பன் நீண்ட பெருமூச்சு விட்டார். “அப்பனே முருகா! போ, அந்தப் புல்லுவெட்டுக்கு நீயே போ.”

“போறேங்க. ஆனா, ஒடஞ்ச நிரை மட்டத்துக்கு வர்ற வரைக்கும் அது எனக்கு. என் நிரைய அவளுக்குக் குடுங்க. அவ பேரையும் ஏத்திடுங்க.”

களத்தில் சலசலப்பு எழுந்தது. முறிந்த செடி பல மாதங்களுக்குச் சரியாகத் துளிர்க்காது. அந்த நிரையை ஏற்பவளின் கூடை நிறையவே நிறையாது.

“சரி, தொலைங்க” என்றார் கந்தப்பன். “ஆபீஸ் ஐயாகிட்ட லெட்சுமி பேரையே சொல்றேன்.”

புல்லுவெட்டு முடிந்து, அடுத்தமுறை அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தபோது, வேலாயி இடுப்பிலிருந்த மட்டக்கம்பை உருவி முதற்செடியின்மேல் கிடத்தினாள். கம்புக்கு மேலே ஒரேயொரு தளிர் எட்டிப்பார்த்தது. அதைக் கிள்ளிக் கூடையில் போட்டாள்.

“மேல்முனையில இருந்து நா வரமாட்டேன், சொல்லிப்புட்டேன்” என்றாள் அடுத்த நிரையிலிருந்த லெட்சுமி.

“வராத” என்றாள் வேலாயி, கம்பை அடுத்த செடிக்கு நகர்த்தியபடி.