ஏற்கிறேன்

கோட்டின் இடப்பக்கப் பை கிழிந்து தொங்கியது. ஜலாலாபாத் சந்தையின் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில், மகளை மடியோடு அணைத்தபடி முக்காலியில் அமர்ந்திருந்த சல்கின் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்ரூட் மரத்தின் உச்சிக்கிளையை உலுக்கப் போய் அவள் கணவன் அக்ஜோல் விழுந்து இறந்தபோது, அந்தப் பைக்குள்தான் கைப்பேசி இருந்தது. இப்போது கோட்டுக்குள் இருந்தவர் ஓபோல்பெக், கணவனின் பெரியப்பா மகன். இறந்தவனைக் குளிப்பாட்டியவருக்கு அவன் உடுப்புகள் சேரும் என்பது ஊர் வழக்கம். கோட்டும் தொப்பியும் காலணியும் அவருக்குப் போயின. கோட்டோடு, பையில் இருந்ததும் போயிற்று. கொடுக்குமுன் பையைத் துழாவிப் பார்ப்பது கொடுப்பவருக்கு இழிவு. ஆகவே சல்கின் துழாவவில்லை. மூன்றாம் நாள்தான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஓதலக் கேட்டுட்டுப் போனக் கொடுத்துடணும்," என்றார் ஓபோல்பெக், தேநீர்க் கிண்ணத்தை ஊதியபடி. "என் மவனுக்குச் சொல்லிட்டேன். உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சிட்டு அவன் வச்சுக்குவான்."

"ஒரு தடவை கேட்டா போதும், அத்தான்."

"ஊருல முல்லாவே இல்லையா? ஓதல் ஓதல்தானே."

"முல்லா ஓதுறது முல்லாவோடது. இவ அப்பா மூச்சு விடுற எடத்துல மூச்சு விட்டுப் படிச்சவ. வேற குரலக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

ஒன்பது வயது அய்தாய் தலை நிமிரவில்லை. இறந்தோருக்காக ஓதும் வேத அத்தியாயத்தை அக்ஜோல் தன் குரலில் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்திருந்தான். காட்டிலிருந்து களைத்து வரும் மாலைகளில் அவன் கண்ணயர, அவன் குரல் மட்டும் விழித்திருந்து அடிஅடியாகச் சொல்லித்தர, மகள் திருப்பிச் சொல்வாள். பாதிதான் ஆகியிருந்தது. வரும் வியாழன் நாற்பதாம் நாள். அன்று இறந்தவனுக்காக ரொட்டி பொரிக்கையில், கொதிக்கும் எண்ணெயின் மணம் அவனைச் சென்றடையும் பொழுதில் மகளின் ஓதலும் சென்றடைய வேண்டும் என்பதே சல்கினின் ஒரே வேண்டுதல். பாதி வழியில் நின்றுபோகும் ஓதலைக் கேட்டு அவன் அங்கே எப்படிக் கிடப்பான் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.

கடைக்காரன் துராத் வேலையில் குனிந்திருந்தான். நொறுங்கிய திரையை நீக்கிவிட்டு, தண்ணீரில் விழுந்து மாண்ட வேறொரு கைப்பேசியின் திரையைப் பொருத்திக்கொண்டிருந்தான். ஒரே ஆலையில், ஒரே ஆண்டில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் பிறந்தவை இரண்டும். எனினும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எண் இட்டு, அந்த எண்ணை உள்ளே இருக்கும் மூளைக்கு மட்டும் காதோடு ஓதி அனுப்பியிருந்தார்கள் செய்தவர்கள். பழைய மென்பொருள் அந்நிய உறுப்பைக் கண்டால் முணுமுணுக்கும், ஆனால் பொறுத்துக்கொள்ளும். புதியது பொறுப்பதில்லை. புதியதை ஏற்றிக்கொண்டு தொடுவுணர்வு இழந்த கைப்பேசிகள் அவன் மேசைக்கடியில் ஒரு தகர வாளி நிறையக் கிடந்தன. ஒன்றிலும் கீறல்கூட இல்லை.

திரை ஒளிர்ந்தது. சல்கின் கடவு எண்ணை இட்டாள். திறந்தது. மகளைத் தோளில் ஏற்றி நிற்கும் அக்ஜோல் படத்தில் சிரித்தான்.

"சார்ஜ் இல்லக்கா. சொருகியிருக்கேன், செத்த நேரம் இருங்க," என்றான் துராத். "எதையும் தொடாதீங்க. நான் கை கழுவிட்டு வந்து ஓதல எடுத்து ஒரு மெமரி அட்டையில ஏத்தித் தரேன்."

"கை சுத்தமாத்தானே இருக்கு?" என்றார் ஓபோல்பெக்.

"வேதம்ணே. பசை ஒட்டின கையால எப்படித் தொடுறது?"

"பெரிய அவுலியா, மகான்தான்," என்று சிரித்தார் அவர்.

துராத் தண்ணீர் வைத்திருந்த மூக்குக்குடத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். மணிக்கட்டுவரை கழுவினான், பிறகு, மனம் கேளாமல், வாயும் முகமும் கழுவினான்.

மின்சாரம் ஏறியதும் கைப்பேசி தானாகவே ஓர் அறிவிப்பைக் காட்டியது. சல்கினுக்கு ரஷ்ய மொழி மெதுவாகத்தான் வரும். எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். *நிறைவேறாத ஒன்று உங்கள் பெயரில் நிலுவையில் உள்ளது.* கீழே இரண்டு சொற்கள்: *ஏற்கிறேன். பிறகு.*

அவள் அதை மறுபடியும் கூட்டிப் படித்தாள். அடக்கத்தன்று, குழியருகே, ஓபோல்பெக்தான் குரலெடுத்துக் கேட்டார்: இவன்மேல் யாருக்கேனும் ஏதேனும் நிலுவை உண்டா, உண்டென்றால் இப்போதே சொல்லுங்கள், நாங்கள் ஏற்கிறோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியின் மேல்தான் மண்ணைத் தள்ளினார்கள். இன்று ஒன்று வாய் திறந்திருக்கிறது.

"அத்தான், இவர் பேருல ஏதோ பாக்கி இருக்குங்குது."

ஓபோல்பெக் எட்டியும் பார்க்கவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? குளிப்பாட்டுனது நானு. பொண்டாட்டி நீதானே."

பிறகு என்னும் சொல்லை அவள் மீண்டும் பார்த்தாள். இறந்தவன் காரியத்தில் 'பிறகு' என்று சொல்லும் நாவு உண்டா? மனத்துக்குள் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு, *ஏற்கிறேன்* என்பதன்மேல் விரலை வைத்தாள். சுமை ஒன்றைத் தோள் மாற்றியதுபோல் நெடுமூச்சு விட்டாள்.

திரை இருண்டது. வெண்கோடு ஒன்று மெல்ல நீண்டது.

ஈர முகத்தோடு வந்த துராத் திரையில் நீளும் வெண்கோட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னக்கா பண்ணீங்க?"

"பாக்கி இருந்துச்சு தம்பி. ஏத்துக்கிட்டேன்."

கோடு நிறைவுற்றது. *வணக்கம்* என்றது திரை. தொடங்குவதற்கு விரலால் மேலே தள்ளச் சொன்னது. துராத் தள்ளினான். துடைத்துவிட்டுத் தள்ளினான். திரையைக் கழற்றி மாட்டித் தள்ளினான். கீழே ஒரு சிறு வரி மட்டும் புதிதாக வந்தது: *அறியாத உறுப்பு. எங்கள் சேவை நிலையத்தை நாடவும்.*

"அந்த நிலையம் எங்க இருக்கு?" என்றாள் சல்கின்.

"இந்த நாட்டுலயே இல்லக்கா. வெளிநாட்டுல இருக்கு. எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் திருப்பித் தருவாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க ஏத்துக்கிட்டது புது மென்பொருள். உள்ள அப்படியேதான் இருக்கு. ஒரு எழுத்துகூடப் போகல. கதவுதான் கையத் தெரியலங்குது."

"பழசுக்குத் திருப்ப முடியாதா?"

"விட மாட்டாங்க."

ஓபோல்பெக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "இத்தன நாளா ஒரு பொணத்தையா பையில வச்சிருந்தேன்?" என்று எழுந்து, கைப்பேசியை அவர்கள் கைகளுக்கிடையிலிருந்து உருவி, மேசைக்கடியில் இருந்த வாளிக்குள் போட்டார். "உன் கூலிக்கு இத வச்சுக்க தம்பி. கணக்குத் தீந்துச்சு." கோட்டை இழுத்துப் பொத்தானிட்டுக்கொண்டு சந்தைக் கூட்டத்தில் இறங்கினார். அந்த முதுகு சிறிது தூரம்வரை அக்ஜோலின் முதுகாகவே போயிற்று.

துராத் குனிந்து அதை எடுத்து அவளிடம் நீட்டினான். "நீங்க கொண்டு போங்கக்கா."

"எதுக்குத் தம்பி," என்றாள் சல்கின். "மறுபடியும் பொதைக்க எங்கிட்ட எடமில்ல."

அவன் கை நீண்டபடியே இருந்தது. பிறகு தாழ்ந்தது. வாளியில் மெல்லிய ஓசை கேட்டது.

"வா," என்று மகளை இழுத்தாள். அய்தாய் நகரவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நின்றாள். உள்ளே, கருத்த கண்ணாடிகளின் நடுவே, அது ஒளிர்ந்துகொண்டிருந்தது. மொழிக்கு மொழி மாற்றி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் மொழி மட்டும் வரவில்லை. சிறுமி ஓதத் தொடங்கினாள். தந்தை இழுத்த இடத்தில் இழுத்து, அவன் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, கற்ற பாதிவரை பிசகின்றி வந்தாள். அங்கே நிறுத்தினாள். வழக்கம்போல், அடுத்த அடிக்காகக் காதைத் தாழ்த்திக் காத்திருந்தாள். வாளியின் அடியிலிருந்து எழுந்த வெளிச்சம் அவள் முகத்தில் ஒருமுறை மங்கி, வேறொரு மொழியில் மீண்டும் எழுந்தது.