பேரை மட்டும் சொல்லாதீங்க

நரம்பியல் பிரிவின் கடைசி அறையில், வியாழக்கிழமைதோறும் புது நோயாளிகளுக்கு வகுப்பெடுப்பது அந்த நர்ஸின் வேலை. பார்க்கின்சன் நோய் என்றால் என்ன, மாத்திரையை ஏன் நேரம் தவறாமல் போட வேண்டும், விழாமல் எப்படித் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பாடம். கையேட்டில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தன. பெரிதாக அச்சடிக்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று ஒரு பெண் நர்ஸை வாசலிலேயே ஓரமாக அழைத்துப் போனாள். அந்தப் பெண்ணின் அப்பா முடிதிருத்துபவர், கையில் நடுக்கம். டாக்டர் நோயின் பெயரை மகளிடம்தான் சொல்லியிருந்தார். அவள் அதைச் சத்துக்குறைவு என்று மாற்றி, மூன்று மாதம் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று அப்பாவை நம்பவைத்திருந்தாள்.

"பேரை மட்டும் சொல்லாதீங்க சிஸ்டர். இடிஞ்சு போயிடுவார். மத்ததெல்லாம் சொல்லிக் குடுங்க."

பெயரில்லாமல் எதைச் சொல்லிக் கொடுப்பது? நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தாள். குடும்பம் கேட்கிறது, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பாவையும் மகளையும் வெளியே காத்திருக்கச் சொல்லி, வகுப்பு முடிந்தபின் தனியாக உட்காரவைத்தாள்.

மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். போடுவதில்லை என்றார் பெரியவர். நிறுத்திப் பன்னிரண்டு நாளாகிறதாம்.

"மூணு மாசம்னுதானே சொன்னாங்க? முடிஞ்சுபோச்சே."

மகளுக்கே அது தெரியாது. பெரியவரின் தாடையில் அங்கங்கே கீறல்கள் இருந்தன. நர்ஸ் விசாரித்தாள். வாடிக்கையாளர்கள் பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டார்களாம். கை பழையபடி படியட்டும் என்று தினமும் காலையில் தன் முகத்திலேயே சவரக்கத்தியைப் பழக்குகிறாராம்.

அதற்குமேல் அவளால் பூசி மெழுக முடியவில்லை.

"ஐயா, உங்களுக்கு வந்திருக்கிறது பார்க்கின்சன். மூளை நரம்புல வர்ற நோய். முழுசா குணமாகாது, ஆனா மாத்திரையும் பயிற்சியும் இருந்தா நல்லா சமாளிக்கலாம். பழக்கம் விட்டுப்போனதால கை ஆடுதுன்னு நினைக்காதீங்க."

மகள் விருட்டென்று எழுந்தாள். அவர் இடிந்து போகவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இது என் கவனக்குறைவு இல்லையா?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இத்தனை நாளா இந்தக் கையைத் திட்டிட்டு இருந்தேன். நீயும் பாத்துட்டுதானேம்மா இருந்தே."

மகள் அன்றே நர்ஸின் மேல் புகார் கொடுத்தாள். மேலதிகாரி விளக்கம் கேட்டார். நர்ஸ் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார், கத்தியால் முகத்தைக் கீறிக்கொள்கிறார், அதனால் சொன்னேன் என்று மூன்றே வரியில் எழுதிக் கொடுத்தாள். டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை பெரியவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மகள், நர்ஸின் முகத்தைப் பார்க்காமல். அவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பாதிப் பாடம் மிச்சமிருக்கும்போதே அடுத்த பிரிவினர் அறையைக் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.