லோஷினியின் கண்ணன்

எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவள் என் தங்கை லோஷினிதான். அப்போது சிரித்தேன். இப்போது அந்தப் பெயர் சுடுகிறது.

ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் தஞ்சாவூர் ஓவியம் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரான உலு திராமிலிருந்து நாங்கள் இருவரும் போனோம். நான் பொழுது போகாமல் போனேன். அவள் வேண்டுதலுக்குப் போனாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளையில்லை. தன் கையாலேயே ஒரு தவழும் கண்ணனை வரைந்து வீட்டில் வைத்துக் கும்பிடுவதாக வேண்டியிருந்தாள்.

பலகையில் துணி ஒட்டினோம். சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்து நகைகளைப் புடைப்பாக எழுப்பினோம். கல் பதித்துத் தங்கத்தாள் ஒட்டினோம். லோஷினிக்கு எதுவும் ஒரே தடவையில் வராது. கண்ணனின் கொலுசை மட்டும் நான்கு முறை சுரண்டிவிட்டுச் செய்தாள்.

"உன் கண்ணன் தவழ்ந்து முடிச்சி நடக்கவே ஆரம்பிச்சிருவாருலா," என்று கிண்டலடிப்பேன்.

"கண்ணக் கடைசியாத்தான் தொறக்கணும்," என்றார் ஆசிரியர் கமலநாதன். "தொறக்கிறவங்க மேலதான் சாமியோட மொதப் பார்வை விழும். அவங்கவங்க படத்த அவங்கவங்களே தொறங்க."

நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. லோஷினியோ இரண்டு வாரமாகப் பழைய நாளிதழ்களில் கண் வரைந்து பழகினாள்.

கடைசி ஞாயிறு அவளுக்குக் காலையில் ஃபேக்டரி வேலை. முடித்துவிட்டுத் தனியாகக் கிளம்பியவள் வழியில் ஃபோன் செய்தாள். "சரியான ஜாம்லா கா. இன்னும் அரை மணி நேரம்."

படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் ஒரு மணிக்கு வந்துவிடுவார்; அப்போதே மணி பன்னிரண்டரை. கமலநாதன் கீழே போயிருந்தார். என் படத்தின் கண்களை எல்லாரும் பாராட்டிவிட்டதில் எனக்குக் கை துறுதுறுத்தது. பாவம், அவளுக்குக் கை நடுங்கும், கெடுத்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் கெட்டிக்காரத்தனத்தை இன்னொரு முறை காட்ட ஆசை. அவள் தூரிகையையே எடுத்துக் கண்ணனின் இரண்டு கண்களையும் திறந்துவிட்டேன்.

லோஷினி படியேறி மூச்சு வாங்க வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீயா?"

"பின்ன? எப்படி இருக்கு?"

"அழகா இருக்குக்கா."

தன் தூரிகையைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள்.

அடுத்த வாரம், சட்டம் போட்ட படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "கண்ணன் மொதல்ல ஒன்னத்தான்கா பாத்தாரு. ஒங்கிட்டயே இருக்கட்டும்."

அழுதேன். கண்ணை அழித்துவிட்டுத் திரும்ப வரையலாம் என்றேன். இன்னொரு படம் தொடங்கலாம், நானே கூட வருகிறேன் என்றேன்.

"தொறந்த கண்ண எப்படிக்கா மூடுறது?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது லோஷினி வரும்போதெல்லாம் சாமி அறைத் திரையை முன்னாலேயே இழுத்து மூடிவிடுகிறேன். அவள் கிளம்பும் முன் தானே அதை விலக்குகிறாள். கண்ணன் முன்னால் என் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போகிறாள்.