பற்றவைக்க மறந்த திரி

ஹோல்ட்சன்பாக் சிற்றரசின் படை என்பது நாற்பத்திரண்டு வீரர், இரண்டு முரசு, ஒரே ஒரு குட்டைப் பீரங்கி. வாயகன்று வயிறு பருத்த அப்பீரங்கிக்கு வீரர்கள் இட்ட பெயர் ‘தடிச்சி அப்போலோனியா’. அவளுக்குக் குண்டூட்டும் பணியில் ஓட்டோகார் பதினெட்டு ஆண்டுகளாக உதவியாளாகவே இருந்தான். நாற்பத்தொரு வயதில், அன்று செவ்வாய்க்கிழமை, தலைமைக் குண்டுக்காரன் ஆவதற்கான தேர்வு அவனுக்கு வாய்த்தது.

அத்தேர்வில் அவன் தோற்கவேண்டும் என்று ஊரிலேயே ஒருத்திதான் விரும்பினாள். அவளைத்தான் அவன் மணக்க விரும்பினான்.

பீர் காய்ச்சி விற்கும் வால்புர்கா கைம்பெண். அவள் முதற் கணவனும் குண்டுக்காரனே. அவன் போன கதையைச் சொன்னால்தான் அவள் பிடிவாதம் விளங்கும்.

முற்காலத்தில் பீரங்கியில் கல்லுருண்டையை வைத்து எறிந்தார்கள். எதிரியோ அதைப் பொறுக்கித் துடைத்துத் திருப்பி எறிந்தான். இரும்புருண்டை வந்தது, அதையும் எறிந்தான். பிறகுதான் உருண்டையைக் குடைந்து, வெடிமருந்து அடைத்து, திரி செருகி அனுப்பினார்கள். அதைத் திருப்பி எறிய எவனும் முன்வரவில்லை. ஆனால் அனுப்புவது எளிதாயில்லை. வலக்கையால் குண்டின் திரியைப் பற்றவைக்கவேண்டும். அது சீறத் தொடங்கியவுடன் இடக்கையால் பீரங்கியின் மருந்தைப் பற்றவைக்கவேண்டும். இரண்டாவது தீ பிடித்தால் குண்டு எதிரியிடம் போகும். பிடிக்காவிட்டால் குண்டு எங்கும் போகாது, குண்டுக்காரன் போவான். வால்புர்காவின் கணவன் அவ்வாறு போனவன்.

“கைய நீட்டுங்க பாப்போம்,” என்றாள் அவள், தேர்வன்று காலையில். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். “பத்து. சரியா இருக்கு.”

“ஜெயிச்சா தலைமை வேலை, தனி வீடு, வருசத்துக்கு ரெண்டு பன்னி தர்றாங்க,” என்றான் ஓட்டோகார்.

“பன்னி எங்கிட்டயே ஆறு இருக்கு. எனக்கு வேண்டியது முழுசா ஒரு ஆளு. செத்துப்போன என் வீட்டுக்காரர எங்கிட்ட தொப்பியில அள்ளிட்டு வந்து குடுத்தாங்க, தெரியும்ல? ரெண்டு நெருப்புக்கு நடுவுல கை வெக்கிறவனுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேன். தோத்துட்டு வாங்க, வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல நம்ம கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடறேன்.”

பதினெட்டு ஆண்டு காத்திருந்த வேலை ஒரு பக்கம். பத்தாண்டு காத்திருந்த பெண் ஒரு பக்கம். இரண்டும் வேண்டும் என்றே அவன் உள்ளம் அடம்பிடித்தது.

ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலத்தில் கூட்டம் கூடியது. மாப்பொடி தூவிய பொய்முடியுடன் சிற்றரசர் நாற்காலியில் அமர்ந்து, பொரித்த கொத்திறைச்சிக் குழலைக் கடித்துக்கொண்டிருந்தார். தேர்வை நடத்துபவர் பழைய குண்டுக்காரரான கிழவர் லேபரெக்ட். வலக்கையில் மூன்று விரல், முகத்தில் புருவமில்லை. குறி, தொலைவிலிருந்த பாழடைந்த வைக்கோற்கொட்டகை.

“டேய், ஞாபகம் இருக்கா? மொதல்ல வலது, அப்புறம் இடது,” என்று அதட்டினார் லேபரெக்ட்.

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் ஐயா.”

இரு கைகளிலும் தீக்கோலுடன் அவன் குனிந்தபோது கூட்டத்திலிருந்து வால்புர்காவின் குரல் கணீரென்று எழுந்தது.

“ஓட்டோ! எதாச்சும் தப்பு பண்ணுங்க!”

ஊரே சிரித்தது. ஓட்டோகாரின் காதுகள் சிவந்தன. அவளைத் திரும்பிப் பார்த்தபடியே கையை நீட்டினான். அப்போலோனியா நிலம் அதிர உறுமினாள். குண்டு வானில் ஏறியது. அப்பொழுதுதான் தான் நீட்டியது இடக்கையை மட்டும் என்பது அவனுக்கு உறைத்தது.

எதையும் மறைக்கத் தெரியாத பிறவி அவன். “ஐயா! திரியப் பத்த வெக்க மறந்துட்டேன்!” என்று கூவிவிட்டான்.

“அட மடப்பயலே! சோறுதான் திங்கிறியா நீ? போ, போய் அந்த இரும்ப பொறுக்கிட்டு வா!”

“தோத்துட்டாரு! தோத்துட்டாரு!” என்று குதித்த வால்புர்கா, அருகில் நின்ற பாதிரியாரைக் கட்டிக்கொண்டாள்.

தலைகுனிந்து கொட்டகையை நோக்கி ஓட்டோகார் ஏழடி நடந்திருப்பான். கொட்டகை வெடித்தது. வைக்கோல் மழையாய்ப் பொழிந்து சிற்றரசரின் பொய்முடியில் கூடு கட்டியது.

சிற்றரசர் வைக்கோலைத் தட்டிவிட்டு ஓட்டோகாரை அருகே அழைத்தார்.

“மறந்துட்டேன்னு சொன்னியேப்பா?” என்றார் சிற்றரசர்.

“மறந்துதான் போனேன் பிரபு.”

“அப்புறம் அது ஏன் வெடிச்சுது?”

“அதுங்கிட்ட யாரும் சொல்லல போலிருக்கு.”

“பொய் பிரபு! இவன் தெரியாம பத்த வெச்சிருப்பான்,” என்று துள்ளினார் லேபரெக்ட்.

ஓட்டோகார் பீரங்கியின் கரிபடிந்த வாயை உற்று நோக்கினான். “ஐயா, இவ வாயிலேருந்து இவ்ளோ நெருப்பு கக்குறாளே, அது குண்டச் சுத்திக்கிட்டுத்தானே வெளிய வருது? போற வழியில திரிய மட்டும் சும்மாவா விடும்?”

“நான் பண்ணிக் காட்டறேன். வெடிக்காது,” என்றார் லேபரெக்ட்.

“அப்ப அதோ, அந்த ஓரத்துல நிக்குதே, என் அத்த குடுத்த சிலை, அதப் பாத்து விடு,” என்றார் சிற்றரசர், சற்று அவசரமாகவே.

கிழவர் திரியைத் தொடவில்லை. பீரங்கியின் மருந்துக்கு மட்டும் தீ வைத்தார். அத்தையின் அன்பளிப்பு நூறு துண்டாயிற்று. சிற்றரசர் கைதட்டினார்.

லேபரெக்ட் மட்டும் தம் வலக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப என் ரெண்டு விரலு?” என்றார். “தானா பத்திக்கிற திரிக்கா குடுத்தேன்?”

கிழவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“விதின்னா விதி. ரெண்டு நெருப்பு வெக்கணும், ஒண்ணுதான் வெச்சான். தோத்துட்டான்!”

“விதிய எழுதினது யாரு?”

“நாந்தான் பிரபு.”

“அப்ப மாத்தி எழுது.”

“எழுதற விரலுதான் போயிடுச்சே!”

“நீ சொல்லு, ஓட்டோ எழுதட்டும்.”

அவ்வாறே, முரசொன்றின்மேல் தாளை விரித்து, தேர்வெழுதியவனே விதியையும் எழுதினான்: ‘குண்டின் திரியை எவரும் கையால் பற்றவைத்தலாகாது.’ லேபரெக்ட் முணுமுணுத்தபடி பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார். ஓட்டோகார் தலைமைக் குண்டுக்காரன் ஆனான்.

வால்புர்கா இடுப்பில் கைவைத்து அவன் எதிரே வந்து நின்றாள்.

“இனிமே ஒரே நெருப்புதானா?”

“ஒண்ணேதான். சத்தியமா.”

“எத்தன அடி தள்ளி நிப்பீங்க?”

“ஏழு.”

“இருபது.”

“தீக்கோல் அவ்ளோ நீளம் கெடையாது வால்புர்கா.”

“செஞ்சுக்குங்க. என்னிக்கு செஞ்சு முடிக்கிறீங்களோ அன்னிக்குக் கல்யாணம்.”

ஓட்டோகார் விருந்துக்குக்கூட நிற்கவில்லை. கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டுக்கு ஓடினான். இருபதடி போதும் என்று அவள் சொல்லியிருந்தும், தீக்கோலுக்கு அவன் வெட்டிய ஊசியிலை மரம் முப்பத்தைந்தடி இருந்தது. அதை ஊருக்குள் இழுத்துவர, லேபரெக்ட் உட்பட, ஒன்பது பேர் வேண்டியிருந்தது.