தொட்டுச் சொல்

பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அந்தத் தீயணைப்பு நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'பளிச்'. பித்தளையைக் கண்டால் மனுஷனுக்குக் கை நிற்காது. வண்டியின் மணி, குழல் முனை, கதவுக் கைப்பிடி என்று எதையும் முகம் பார்க்கும்படி தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஒருநாள் நிலைய அதிகாரியின் வழுக்கைத் தலையை அவர் ஏதோ யோசனையில் பார்த்துக்கொண்டு நிற்க, "அதை மட்டும் விட்டுடுங்க" என்று அதிகாரியே சொல்லிவிட்டார்.

அதனால்தான் நூற்றாண்டு விழாவுக்கு வரலாற்றுப் பலகை தயாரிக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. பளிச்சும் சும்மா சொல்லக்கூடாது, ஒரு மாதம் ஊண் உறக்கம் பார்க்காமல் உழைத்தார். பழைய படங்களைத் தேடி எடுத்தார். முதல் வண்டி, முதல் தலைக்கவசம் என்று வரிசையாக மாட்டினார். கிடைக்காதது ஒன்றே ஒன்று, முதல் ஹைட்ரண்ட் சாவி. நெருப்புக்கென்றே தெருவோரத்தில் புதைத்து வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயைத்தான் அங்கே ஹைட்ரண்ட் என்பார்கள். அதைத் திறக்க இடுப்புயரத்தில், தலையில் குறுக்குக் கம்பி வைத்த ஓர் இரும்புச் சாவி உண்டு. முதல் சாவி எந்தக் காலத்திலோ பழைய இரும்போடு போய்ச் சேர்ந்திருந்தது.

விழாவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு, பளிச் வண்டியிலிருந்த சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். தேய்த்து, எண்ணெய் பூசி, பலகையில் மாட்டி, கீழே 'நமது முதல் சாவி' என்று ஒரு சீட்டும் ஒட்டினார். யாருக்குத் தெரியப்போகிறது, சாவிக்கென்ன வயசா எழுதியிருக்கிறது? விழா மலருக்குப் படம் எடுக்கிறவர் எட்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எடுத்ததும் திரும்ப வண்டியில் மாட்டிவிடலாம் என்பது கணக்கு.

எட்டு மணிக்குப் பணிமுறை மாறும். அப்போது அதிகாரி பட்டியலைப் படிப்பார். ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, அவர் சொல்லும் பொருளைக் கையால் தொட்டு, "இருக்கு" என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, தொட வேண்டும். நிலையம் தொடங்கிய புதிதில் ஏணி இல்லாமல் ஒரு வண்டி போய், மூன்றாம் மாடியில் நின்ற இரண்டு பேரைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதாகிவிட்டதாம். அன்றைக்குப் போட்ட விதி. சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும்: தொட்டுச் சொல். வருடா வருடம் அதற்குப் புதுப் பெயின்ட் அடிப்பதும் பளிச்தான்.

அன்று வண்டியைச் சுற்றி வந்தது பளிச். "ஹைட்ரண்ட் சாவி?" என்றார் அதிகாரி.

சாவி பத்தடி தூரத்தில், கூடத்தில்தானே தொங்குகிறது. இப்போது போய் எடுத்து வந்தால் பூசிய எண்ணெயில் கைத்தடம் விழும், படம் கெட்டுப்போகும். "இருக்கு" என்றார் பளிச். அதிகாரி குறித்துக்கொண்டார்.

படம் எடுக்கிறவர் வர ஒன்பதரை ஆனது. அவர் போனதும் நகரசபையிலிருந்து விழா மேடையைப் பற்றிப் பேச ஆட்கள் வந்தார்கள். சாவி பளிச்சின் நினைவிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. பத்தே முக்காலுக்கு அபாய மணி அடித்தது.

மெத்தை தைக்கிற அம்மாவின் கடை. கீழே கடை, மேலே வீடு. உள்ளே மூட்டை மூட்டையாகப் பஞ்சு, கேட்கவா வேண்டும். நல்லவேளையாக அந்த அம்மா வெளியே ஓடி வந்திருந்தார். வண்டித் தொட்டியின் தண்ணீர் நாலு நிமிஷம் தாங்கும். அதற்குள் ஹைட்ரண்டைத் திறந்து குழலை மாட்ட வேண்டும், அது பளிச்சின் வேலை. ஓடிப்போய் வண்டியின் பக்கக் கதவைத் திறந்தார். சாவி இருக்க வேண்டிய கொக்கி காலியாக இருந்தது.

வண்டியை ஓட்டி வந்தது பளிச்சின் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பம்ப் பக்கத்திலிருந்து அவன் கத்தினான்: "மாமா, தண்ணி!"

அந்த நேரத்தில் "சாவி இல்லை" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடப்பாரையோ வேறெதுவோ வைத்து ஆளாளுக்கு முயன்றிருப்பார்கள். பளிச் என்ன செய்தார் தெரியுமா? ஹைட்ரண்டுக்கு ஓடினார். புகையில் யாருக்கும் தெரியாதபடி முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தோளைக் குலுக்கிக் குலுக்கி, வெறுங்காற்றைத் திருகினார். பிறகு எழுந்து, "இறுகிப்போச்சு, திறக்கல!" என்றார்.

இரண்டாவது வண்டி தொட்டி நிறையத் தண்ணீரோடு வந்து சேரப் பதினோரு நிமிஷம் ஆனது. அதற்குள் கீழே கடை முழுக்கப் போய், மேலே வீடும் பாதி போயிருந்தது.

திரும்பியதும் பளிச் முதல் வேலையாகச் சாவியைப் பலகையிலிருந்து எடுத்து வண்டியில் மாட்டினார். மச்சினன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பலகையில் காலியாக நின்ற சீட்டைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான். "அக்காவுக்காக வாயை மூடிக்கிறேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு அவன் பளிச்சின் கன்னத்தில் ஓர் அறையே விட்டிருக்கலாம்.

'ஹைட்ரண்ட் இறுகியிருந்தது' என்று அதிகாரி அறிக்கை எழுதினார். அப்படியென்றால் ஹைட்ரண்டுகளுக்கு மசகு போடுகிற குழாய்க்காரர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதானே ஆகிறது? விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நீர்வழங்கல் துறை அவரை நிறுத்தி வைத்தது. பாவம், அந்த மனுஷன் விஷயம் கேள்விப்பட்ட அன்று சாயங்காலமே போய் அதைத் திருகிப் பார்த்திருக்கிறார். பார்த்தது தப்பாகிவிட்டது. குற்றத்தை மறைக்க அப்புறம் வந்து மசகு போட்டான் என்று எழுதிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அவர் நிலையத்துக்கு வந்தார். பளிச்சைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, சண்டைக்கு வரல. போன மாசம்தான் அதுக்கு மசகு போட்டேன். நான் திருகினா வழுக்கிட்டுப் போகுது. நீங்க திருகினப்போ எவ்வளவு வந்துச்சு? கால் சுத்தாவது வந்துச்சா?"

"வரல" என்றார் பளிச்.

"சூட்டுல இரும்பு பிடிச்சிருக்குமோ?"

"இருக்கும்."

குழாய்க்காரர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொன்னா அப்படித்தாண்ணே இருக்கும். உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ள போறவங்க நீங்க, எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க. என் கையிலதான் எங்கயோ தப்பு."

அவர் தெருமுனை தாண்டும்வரை பளிச் பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. மனைவியிடம்கூடச் சொல்ல முடியவில்லை. "என்ன, கொஞ்ச நாளா எதையும் தேய்க்கக் காணோம்? உடம்புக்கு முடியலையா?" என்று அவள் கேட்டதற்கு, ஆமாம் என்றார். பொய் இப்போது தானாகவே வந்தது.

இது போதாதென்று மெத்தைக்கார அம்மா ஒருநாள் மூட்டையோடு வந்து இறங்கினார். கருகிய தையல் மெஷினைத் துடைத்து, தப்பிய துணியில், ஆளுக்கொன்றாக ஆறு தலையணை தைத்திருந்தார். "குழாய் கெட்டுக் கிடந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? பெத்த பிள்ளைங்க மாதிரி பாடுபட்டீங்க" என்றார். அந்தத் தலையணையில் பளிச்சால் ஒருநாள்கூடத் தலைவைக்க முடியவில்லை. பெஞ்சின் வெறும் பலகையில் கையை மடித்துப் படுத்துக்கொண்டார். மற்றவர்கள் முதுகுவலி என்று நினைத்தார்கள்.

விழா நாள் வந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நகரசபைக்காரர்கள் முன்வரிசை, மெத்தைக்கார அம்மா இரண்டாம் வரிசை. குழாய்க்காரரும் வந்திருந்தார். வேலை இல்லாவிட்டாலும் சீருடையைப் போட்டுக்கொண்டு, உட்காரக் கூச்சப்பட்டு, கதவோரம் நின்றார். அதிகாரி எங்கள் சேவை, எங்கள் நெறி, எங்கள் வரலாறு என்று நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "நூறு வருஷமா ஒருநாளும் தவறாத ஒரு பழக்கத்தை இப்ப உங்க கண்ணாலேயே பாருங்க" என்று பட்டியலைக் கையில் எடுத்தார். வண்டியைச் சுற்றி வர அவர் கூப்பிட்டது பளிச்சை.

"குழல்?"

"இருக்கு."

"ஏணி?"

"இருக்கு."

"ஹைட்ரண்ட் சாவி?"

பளிச் சாவியின் மேல் கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப இருக்கு சார். அன்னிக்கு இல்ல."

"என்னது?"

"மெத்தைக் கடை எரிஞ்ச அன்னிக்கு இது வண்டியில இல்ல. பலகையில தொங்கிட்டிருந்துச்சு. நான்தான் மாட்டினேன். காலையில தொடாமலே இருக்குன்னு சொன்னேன். ஹைட்ரண்ட் இறுகவும் இல்ல. நான் அதைத் திருகவே இல்ல சார். வெறுங்கையால திருகுற மாதிரி நடிச்சேன்."

மெத்தைக்கார அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரியின் கையில் பட்டியல் அப்படியே நின்றது.

குழாய்க்காரர் கதவோரத்திலிருந்து கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடிக்க வேண்டும் என்று பளிச் மனதார வேண்டிக்கொண்டு நின்றார். ஆனால் வந்தவர் கையை ஓங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பளிச்சின் முன்னால் நீட்டினார்.

"அப்ப இதுல தப்பில்லையா?"

"இல்ல."

"அன்னியிலேர்ந்து வீட்டுக் குழாயைக்கூட என் வீட்டுக்காரியைத்தாண்ணே மூடச் சொல்லிட்டிருக்கேன். எனக்கு மூடத் தெரியலையோன்னு."

இத்தனைக்குப் பிறகும் அவர் வாயில் அண்ணே என்றுதான் வந்தது.